மைனஸ் 30 குளிரில் ப்ளூபெர்ரி வைக்கலாமா, வேறு பெர்ரி நல்லதா?

கேள்வி:
வணக்கம். இங்கே குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும், மே கடைசியிலும் ஒருநாள் உறைபனி விழுந்துவிடும். பின்பக்கம் நாள் முழுக்க வெயில் படுகிற இடம் இருக்கிறது, நாலைந்து செடி தாராளமாக வைக்கலாம். மண் கொஞ்சம் களிமண் மாதிரி, பரிசோதித்ததில் பிஎச் (மண்ணின் அமில-கார அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.4. பிள்ளைகளுக்கு ப்ளூபெர்ரி என்றால் உயிர், அதனால் முழுக்க அதையே வைக்க ஆசை. கந்தகம் போட்டால் மண் சரியாகிவிடும் என்கிறார்கள், உண்மையா?

பதில் 1:
உங்களுக்குக் குளிர் பிரச்சினை இல்லை, மண்தான் பிரச்சினை. ப்ளூபெர்ரிக்கு பிஎச் 4.5 முதல் 5.5 வரை வேண்டும். 7.4-இல் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும், அப்புறம் செடி வளராமல் அப்படியே நிற்கும். கந்தகம் வேலை செய்யும்தான், ஆனால் மண்ணிலுள்ள பாக்டீரியா அதை அமிலமாக்க மாதக்கணக்கில் ஆகும், மண் குளிர்ந்துவிட்டால் அதுவும் நின்றுபோகும். காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம், எவ்வளவு கந்தகம் கொட்டினாலும் அது தின்றுவிடும்.

என்னைக் கேட்டால் தரையில் ஹாஸ்கேப் வையுங்கள், நீலப் பழம் காய்க்கிற புதர்ச்செடி, ஹனிபெர்ரி என்றும் விற்பார்கள். உங்கள் மண்ணையும் குளிரையும் தாங்கும். முக்கியமாக, விரிந்த பூவே மைனஸ் 7 வரை தாங்கும், அதனால் மே மாத உறைபனிக்குப் பயப்பட வேண்டாம். ஒரே ரகத்தை வாங்கிவிடாதீர்கள், காய் பிடிக்க உறவில்லாத இன்னொரு ரகம் அதே சமயத்தில் பூக்க வேண்டும். கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தின் டன்ட்ரா, பொரியாலிஸ் ரகங்கள் இரண்டும் நெருங்கிய சொந்தம், அந்த ஜோடி உதவாது, கூட அரோரா ரகம் ஒன்று வையுங்கள். இன்னொன்று, தோல் நீலமானதும் பறிக்காதீர்கள். ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் புளிக்கும், அடர் சிவப்பாக இருந்தால்தான் பழுத்தது.

பதில் 2:
மேலே சொன்னது அத்தனையும் சரி, ஆனாலும் பிள்ளைகள் ஆசைப்படும்போது ப்ளூபெர்ரியை அடியோடு விட வேண்டியதில்லை. இரண்டு பெரிய தொட்டியில் பீட்டும் (மட்கிய பாசி, அமிலத்தன்மை உள்ளது) பைன் பட்டைத் தூளும் கலந்து வையுங்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நார்த்ப்ளூ, நார்த்ஸ்கை, போலாரிஸ் எல்லாம் குள்ள ரகங்கள், இரண்டு வேறு ரகமாக எடுத்தால் பழம் பெரிதாக வரும். குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடின நீராக இருந்தால் அதுவே மெல்ல மெல்ல பிஎச்சை ஏற்றிவிடும், முடிந்தவரை மழைநீர் பிடித்து ஊற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
வினிகர் விட்டதும் நன்றாகவே நுரைத்தது, ஆகவே தரையில் ஹாஸ்கேப்தான். தொட்டியைக் குளிர்காலத்தில் வெளியே விடலாமா? மிச்ச இடத்தில் பிளாக் கரன்ட் என்கிற கறுப்புப் பழச்செடி வருமா?

பதில் 2:
வெளியே விடாதீர்கள். கிளை தாங்குகிற குளிரை வேர் தாங்காது, தரையில் மண்ணும் பனியும் காப்பாற்றும், தொட்டியில் நாலு பக்கமும் உறைந்துவிடும். இலை உதிர்ந்தபின் ஹீட்டர் இல்லாத கொட்டகைக்குள் தள்ளிவிடுங்கள், அல்லது தொட்டியோடு மண்ணில் புதைத்து மேலே மூடாக்கு போடுங்கள். வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், போதிய குளிர் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் சரியாகப் பூக்காது.

பதில் 3:
பிளாக் கரன்ட் களிமண்ணில் தாராளமாக வரும், தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் வெள்ளைப் பைன் மரத்துக்கு வரும் துருநோயை இது பரப்பும் என்பதால் சில ஊர்களில் வளர்க்கத் தடை உண்டு, முதலில் விசாரித்துவிடுங்கள். கவாத்தில் மட்டும் கவனம் வேண்டும். பிளாக் கரன்ட் பெரும்பாலும் போன வருடம் விட்ட தண்டில்தான் காய்க்கும், அதனால் கறுத்துப் பருத்த பழைய தண்டுகளில் சிலவற்றை வருடாவருடம் அடியோடு வெட்டுங்கள். ரெட் கரன்ட் வைத்தால் இப்படி வெட்டக்கூடாது, அது இரண்டு மூன்று வருடத் தண்டில் காய்ப்பது.

எந்தச் செடியானாலும் பனி விழும் முன் தண்டைச் சுற்றி கம்பிவலை கட்டுங்கள். குவிந்த பனிமேல் ஏறி முயல் பட்டையைக் கடிக்கும், எனவே வலை பனி மட்டத்துக்கு மேலே ஒன்றரை அடியாவது நிற்கட்டும்.