கலைச்சொல் வேண்டும்: ஏரிக்கல்லில் படியும் நுண்பாசி

பட்டர்வொர்த், ஆசிரியை:

வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். எங்கள் பள்ளிக் கண்காட்சிக்காக மலை ஏரிகளைப் பற்றிய பலகைகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். படிக்கப்போகிறவர்கள் ஆண்டு 5, 6 மாணவர்கள், அப்புறம் அவர்களைக் கூட்டிவரும் அம்மா அப்பா, தாத்தா பாட்டி.

நடுநீரில் இருக்கும் நுண்பாசிகளுக்கு மிதவைப்பாசி என்று போட்டுவிட்டேன். கரையோரக் கல்லிலும் மூழ்கிய கட்டையிலும் அடிச்சேற்றிலும் மெல்லிய தோலாகப் படிந்து வளர்கிறதே, பெரிபைட்டன், அதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை. வெறுமனே பாசி என்று விட்டுவிட முடியாது, மூன்றாவது பலகை சொல்ல வருவதே இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். உயரமான மலை ஏரிகளில் நைட்ரசனும் பாஸ்பரசும் மிகக் குறைவு, அதனால் நடுநீரில் பாசி அடர்த்தியாக வளராது, வளராததால் தண்ணீர் தெளிந்து கிடக்கும், தெளிந்திருப்பதால் வெயில் அடிவரை இறங்கும். ஆழம் குறைந்த ஏரி என்றால் அங்கே உணவு விளைவதில் பெரும்பங்கு கல்மேலும் சேற்றின்மேலும்தான் நடக்கிறது. நத்தையும் பூச்சிகளின் இளம்புழுக்களும் அதைச் சுரண்டித் தின்றுதான் வளர்கின்றன.

மாணவர்களுக்குக் காட்டுவதற்காகத் தண்ணீர்மலை அடிவாரத்து ஓடையில் ஒரு கல்லை எடுத்து, தட்டில் வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம். ஆய்வாளர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். தட்டில் இறங்கிய தண்ணீர் பச்சையாக இல்லை, தேநீர் மாதிரி பழுப்பு. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால் படகு வடிவத்தில் டயாட்டங்கள் என்ற ஒற்றைச்செல் பாசிகள், சில மெதுவாக நகர்ந்துகொண்டும் இருந்தன. பிள்ளைகள் இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அவர்கள் வாயில் நிற்கிற மாதிரி ஒரு சொல் கொடுங்கள்.

செந்தூல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, நீங்கள் கேட்டது பெரிபைட்டனுக்கு, ஆனால் சிக்கல் அதற்கு முன்னாலேயே, மிதவையிலேயே தொடங்குகிறது. பிளாங்டன் என்பது 1887இல் விக்டர் ஹென்சன் என்ற செருமானியர் கிரேக்கத்திலிருந்து ஆக்கிய சொல். அலைக்கழிந்து திரிவது என்பதுதான் அதன் பொருள், மிதப்பது அல்ல. ஆகவே நடுநீரில் இருப்பது அலைபாசி, கல்லில் இருப்பது நிலைபாசி. இரண்டும் வினைத்தொகை, இரண்டுக்கும் ஓசைப் பொருத்தம் உண்டு, ஒன்றைச் சொன்னால் மற்றது தானே நினைவுக்கு வரும். மாணவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பழுப்பு நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் பாசி என்ற சொல்லே பொருந்தாதோ என்று யாராவது கிளம்புமுன் நானே சொல்லிவிடுகிறேன். பாசி, பச்சை, பாசடை, பசலை எல்லாம் ஒரே வேரில் பிறந்தவை. குறுந்தொகை 399இல் பரணர், ஊரார் தண்ணீர் உண்ணும் கேணித் துறையில் சேர்ந்த பாசியைப் பசலைக்கு உவமையாக்குகிறார்: ‘தொடுவுழித் தொடுவுழி நீங்கி விடுவுழி விடுவுழிப் பரத்த லானே’. காதலர் தொட்ட இடத்தில் விலகுகிறது, விட்ட இடத்தில் பரவுகிறது. அந்தப் பசலையைப் பொன்னிறம் என்று பாடிய சங்கப் புலவர்களும் உண்டு. பொன்னிறமான பசலைக்குப் பாசி உவமையாகலாம் என்றால், பொன்பழுப்பான உயிரைப் பாசி என்று அழைக்க என்ன தடை? வேர் பசுமைதான், ஆனால் வழக்கு அந்த ஒரு நிறத்தோடு நின்றுவிடவில்லை.

பங்சார், ஆய்வுக்கூடப் பணியாளர்:

ஐயா சொன்னதில் முதல் பாதி அறிவியலுக்கும் சரி. டயாட்டத்தின் ஓடு சிலிக்கா, தண்ணீரைவிடக் கனம், காற்று நீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால்தான் அது மேலே நிற்கும். மலை ஏரி உறைந்து பனிக்கட்டி மூடிக்கொண்டால் காற்றுக்கு வேலை இல்லை, கனமானவை கீழே இறங்கிவிடும், சாட்டைபோன்ற இழை வைத்து நீந்தத் தெரிந்தவை மேலே தங்கும். மாதக்கணக்கில் பனிமூடிக் கிடக்கும் ஏரிகளில் யார் பிழைப்பது என்பதை இதுவும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. டினோபிரையான் என்ற பொன்னிறப் பாசி வெளிச்சம் இல்லாவிட்டால் பாக்டீரியாவைப் பிடித்துத் தின்றும் காலம் தள்ளும். ஏரிகளில் இப்படிப் பாசிகள் பாக்டீரியாவை மேய்வதைக் கனடாவில் பேர்டும் கால்ஃபும் 1986இல் அளந்து காட்டினார்கள்.

ஆனால் அலைபாசி வேண்டாம் ஐயா. பலகையில் தூரத்திலிருந்து பார்க்கிற பிள்ளை அதை அலைபேசி என்றுதான் வாசிக்கும். நிலைபாசியும் உண்மை இல்லை. டீச்சர் எழுதியதைப் பாருங்கள், நகர்ந்தன என்கிறார். படகு வடிவ டயாட்டங்கள் பலவற்றின் ஓட்டில் நீளமாக ஒரு பிளவு இருக்கும், அதன் வழியே பசைபோன்ற பொருளை வெளியிட்டு வழுக்கிக்கொண்டு போகும். சேற்றில் இருப்பவை வெளிச்சத்தைப் பார்த்து மேலே வரும், திரும்பக் கீழே இறங்கும். அலைவதற்கு எதிர் நிலைத்திருப்பது என்பது செய்யுளுக்கு அழகு, உயிரியலுக்குப் பொருந்தவில்லை.

என் யோசனை, பெரிபைட்டன் என்றே எழுதுங்கள். இந்தப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 போனதும் எல்லாவற்றையும் மலாயில் படிக்கப்போகிறார்கள், அங்கே அல்கா. இலங்கைப் பாடநூல்களிலும் அல்காதான், தமிழ்நாட்டில் பாசி. நாம் மூன்றாவதாக ஒன்றைக் கட்டினால் அந்தச் சொல் கண்காட்சி மண்டபத்தைத் தாண்டாது.

ஈப்போ:

கல்லில் இருப்பது கல்பாசி. இதற்கு இத்தனை மடலா?

ஜார்ஜ் டவுன்:

கல்பாசியை விட்டுவிடுங்கள் தம்பி. பிரியாணிக்கும் குருமாவுக்கும் போடுவது கல்பாசி, எங்கள் குடும்பம் மசாலாச் சாமான் விற்றே வளர்ந்தது. கறுப்பும் சாம்பலுமாய்ச் சுருண்டு இலைச்சருகு மாதிரி இருக்கும், எண்ணெயில் விழுந்ததும்தான் வாசனை கிளம்பும். அது பாறையிலும் மரப்பட்டையிலும் வளர்கிற லைக்கன், பூஞ்சையும் பாசியும் கூடி வாழ்வது, தண்ணீருக்கடியில் வளர்வதில்லை. பலகையில் கல்பாசி என்று போட்டால் எங்கள் வீட்டுப் பாட்டிமார் இது ஏரியிலா விளைகிறது என்று கேட்பார்கள். கடல்பாசி என்றாலும் நோன்பு திறக்கும்போது வைக்கிற அகர் அகர்தான் நினைவுக்கு வரும். பாசிக்கு முன்னால் எதைச் சேர்த்தாலும் அது ஏற்கெனவே யார் வீட்டு அடுப்படியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

செந்தூல்:

பாய் சொல்வது நியாயம். கல்பாசியைக் கைவிடுவோம். ஆனால் பங்சார் தம்பி, அல்கா என்று எழுதுவதாக இருந்தால் தமிழ்ப்பள்ளியில் தமிழ்ப் பலகை எதற்கு? படிவம் 1இல் மலாயில் படிக்கப்போகிறார்கள் என்பதனால்தான் ஆண்டு 6க்குள் ஒரு தமிழ்ச்சொல்லையாவது அவர்கள் வாயில் போட்டுவிட வேண்டும் என்கிறேன். பிறகு அவர்களுக்கு அதைச் சொல்லித்தர யாரும் வரப்போவதில்லை.

படர்பாசி, படிபாசி இரண்டையும் எண்ணிப் பார்த்தேன். படர்பாசி என்றால் படர்தாமரை நினைவு வருகிறது, தோல்நோய். படிபாசி நல்ல வினைத்தொகை, படிந்த, படிகின்ற, படியும் பாசி என்று முக்காலத்துக்கும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே ஒற்றுப் போடக்கூடாது. படிப்பாசி என்று எழுதினால் குளத்துப் படிக்கட்டில் இருக்கும் பாசி என்று பொருள் மாறிவிடும். அச்சகத்தில் ஒற்று நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. தலைப்பிலேயே மலை ஏரி என்று இருக்கிறதாம். ஏரி என்பது கரை கட்டி நீர் தேக்கியது. கொடைக்கானலில் 1863இல் வெட்டியதும் உதகையில் 1824 அளவில் வெட்டியதும் அந்தக் கணக்கில் ஏரிதான், குறையில்லை. ஆனால் பனியாறு குடைந்த பள்ளத்தில் தானாக நீர் நிறைந்தால் அதை எப்படி ஏரி என்பது? குறிஞ்சிக்கு உரிய நீர் அருவியும் சுனையும். கபிலர் பறம்புமலையை வானம் என்றும் அதன் சுனைகளை வானத்து மீன்கள் என்றும் பாடியது புறநானூறு 109. மலைச்சுனை என்று மாற்றுங்கள் அம்மா.

பங்சார்:

ஐயா, அதே பாட்டை வைத்து எதிர்வாதம் சொல்கிறேன். விண்மீன் மாதிரி என்றால் சின்னதாக, நிறைய இருக்கிறது என்றல்லவா பொருள்? நம் பினாங்கிலிருந்து கடலைத் தாண்டினால் சுமத்ராவில் தோபா, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், அடி ஆழம் 500 மீட்டருக்கு மேல். அதைச் சுனை என்று எழுதினால் படிப்பவர் மனதில் கைப்பிடி நீர்தான் வரும். 1928, 29இல் தீனெமானும் ருட்னரும் ஜாவா, சுமத்ரா, பாலி ஏரிகளை ஆராய வந்த செருமானியப் பயணத்தில் தோபாவும் உண்டு, அங்கெல்லாம் எடுத்த டயாட்டங்களை ஹுஸ்டெட் பக்கம் பக்கமாக விவரித்தார். வெப்பமண்டல ஏரிப் பாசிகளுக்கு இன்றும் எடுத்துப் பார்க்கிற வேலை அது. தோபாவில் பனிமூடலே கிடையாது, ஆகவே ஆண்டுச் சுழற்சியும் வேறு. மலை ஏரி என்ற பொதுப்பெயர்தான் இரண்டையும் தாங்கும். பொய்கை என்றாலாவது மானிடர் ஆக்காத நீர்நிலை என்று பழைய உரையில் இருக்கிறது, ஆனால் பொய்கை என்றதும் தாமரை வந்துவிடுகிறது.

பட்டர்வொர்த்:

ஐயா, தம்பி, தலைப்பை விடுங்கள், மலை ஏரி அச்சாகட்டும். எனக்கு மூன்றாவது பலகை நிற்கவேண்டும்.

படிபாசியை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் திரும்ப எழுதியபோது பாதிப்பேர் ப் போட்டுவிட்டார்கள், ஒருவன் அதைப் படிக்கிற பாசி என்று விளக்கினான். ஒட்டுப்பாசி என்று கேட்டுப் பார்த்தேன், உடனே ஒட்டுண்ணி என்றார்கள், அதாவது கல்லிலிருந்தும் செடியிலிருந்தும் உறிஞ்சுகிறது என்று நினைக்கிறார்கள். இது தானே வெயிலில் உணவு செய்துகொள்கிறது என்பதுதான் அவர்களுக்குப் போகவேண்டிய செய்தி, சொல்லே அதைக் கெடுக்கக்கூடாது.

பற்றுப்பாசி எப்படி? பற்றிக்கொள்வதும் பற்று, பாத்திரத்தில் காய்ந்து நிற்பதும் பற்று. பத்துப் பாத்திரம் தேய்க்காத வீடு உண்டா? பெயர்ச்சொல்லாக எடுத்தால் வன்தொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிகும், பிள்ளைகள் தாமாகவே ப் போட்டு எழுதுவார்கள், பிழையாகாது. டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பது என்பதும் அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

எனக்கு இதில் பிடிவாதம் வருவதற்குக் காரணம் டாகோ ஏரி. கலிபோர்னியா, நெவாடா எல்லையில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1968இல் வெள்ளைத் தட்டை நீரில் இறக்கினால் சராசரியாக 31 மீட்டர் ஆழம்வரை கண்ணுக்குத் தெரிந்தது, இப்போது 20 மீட்டரை ஒட்டித்தான். ஆனால் கரையில் நிற்பவர்களுக்கு நடுநீர் கலங்குவது எளிதில் தெரியவில்லை. 1960களில் கரைக்கற்கள் வழுவழுப்பாகத் தொடங்கியதுதான் எல்லார் கண்ணிலும் பட்ட முதல் அடையாளங்களில் ஒன்று. வீடுகளிலிருந்தும் சாலைகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் வரும் சத்து முதலில் கரையைத்தானே தொடுகிறது. ஒரு பிள்ளை தன் ஊர்த் தண்ணீரில் கல்லைத் தொட்டுப் பார்த்து, பற்றுப்பாசி போன வருசத்தைவிடத் தடித்திருக்கிறது என்று வீட்டில் சொல்ல முடியவேண்டும். பெரிபைட்டன் தடித்திருக்கிறது என்று எந்தப் பிள்ளையும் பாட்டியிடம் சொல்லாது.

ஜார்ஜ் டவுன்:

பற்றுப்பாசி நல்லா இருக்கு. எந்த மசாலாவிலும் இல்லை. என் ஓட்டு இதற்கு.

ஈப்போ:

நானும் சரி. முடித்துவிடலாம்.

பங்சார்:

சரி, ஏற்றுக்கொள்கிறேன், பெரிபைட்டன் என்பதைக் கீழே சின்ன எழுத்தில் ஒருமுறையாவது போட்டுவிடுங்கள், பின்னால் தேடிப் படிக்கிற பிள்ளைக்கு உதவும். நான்காவது பலகையில் ராக்கி மலை ஏரிகள் வருகிறது அல்லவா, அங்கே வேறு குழப்பம் வராமல் பாருங்கள். உரத்திலிருந்தும் வாகனப் புகையிலிருந்தும் நைட்ரசன் காற்றோடு ஏறி ஆள் குடியில்லாத ஏரியில்கூட இறங்குகிறது. அடிச்சேற்றைக் குழாயில் எடுத்து அடுக்கடுக்காகப் பார்த்தால், அங்கே சில ஏரிகளில் 1950 வாக்கிலிருந்து அஸ்டீரியோனெல்லா பார்மோசா என்ற டயாட்டம் கூடியிருப்பது தெரிகிறது. அது நட்சத்திரக் கூட்டமாக நீரில் அலைவது, பற்றுப்பாசி அல்ல. சேற்றில் கிடைத்தது என்பதனால் சேற்றில் வாழ்ந்தது என்று மொழிபெயர்ப்பில் நுழைந்துவிடக்கூடாது, செத்தபின் இறங்கிய ஓடு அது. சிலிக்கா கரையாமல் நிற்பதால்தான் நமக்கு அந்த வரலாறே கிடைக்கிறது.

பட்டர்வொர்த்:

நல்லவேளை சொன்னீர்கள், ‘அடிச்சேற்றில் வாழும்’ என்றுதான் எழுதியிருந்தது. ‘இறந்து அடியில் படிந்த’ என்று திருத்திவிட்டேன். பற்றுப்பாசி, மிதவைப்பாசி என்று நாளை காலை அனுப்புகிறேன். எல்லாருக்கும் நன்றி.

செந்தூல்:

அனுப்புங்கள் அம்மா, பிள்ளைகளின் வேலை தடைபட வேண்டாம். ஆனால் என் மறுப்பு இந்த இழையில் பதிவாகி இருக்கட்டும். சேற்றுக்குள் மேலும் கீழும் போய்வரும் டயாட்டம் எதையும் பற்றிக்கொண்டு இருக்கவில்லை என்பதைத் தம்பியே எழுதியிருக்கிறார். நிலைபாசி பொய் என்று தள்ளினால் அதே காரணத்துக்காகப் பற்றுப்பாசியையும் பாதி தள்ளவேண்டும். கல்மேல் வாழ்வது, செடிமேல் வாழ்வது, சேற்றில் வாழ்வது என மூன்றுக்கும் தனிச்சொல் இல்லாமல் இது முடியாது. மிதவைப்பாசியை நான் இன்னும் ஒப்பவில்லை. அலைபேசியைக் கைப்பேசி என்று சொல்லிக்கொள்ளலாமே, அதற்காக அலைபாசி ஏன் இடம் விடவேண்டும்?