ஏரிக்குக் கீழே புதிய மனைப்பிரிவு: அனுமதிக்கு முன் ஆட்சேபம் தெரிவிக்க வழி உண்டா?

கேள்வி: அடையாற்றங்கரைவாசி

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்துக்கு மேற்கே அடையாற்றை ஒட்டிய எங்கள் ஊராட்சியில், பல ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கும் ஏறத்தாழ ஏழு ஏக்கர் வயலில் மனைப்பிரிவுக்காகக் கல் நட்டிருக்கிறார்கள். ஏரி நிரம்பினால் கலங்கலில் வழியும் உபரிநீர், அந்த வயலின் வடக்கு ஓரத்து வாய்க்கால் வழியாகத்தான் ஆற்றில் சேரும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது எங்கள் தெருவிலும் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. இப்போது வாய்க்கால் கரை தெரியாத அளவுக்கு மண் கொட்டப்படுகிறது. விண்ணப்பம் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பரிசீலனையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அக்கம்பக்கத்தாரின் கருத்தைக் கேட்கும் கட்டம் ஏதேனும் உண்டா? எந்த ஆவணத்தை முதலில் பார்க்க வேண்டும்?

பதில் 1: ஓய்வுபெற்ற நில அளவர்

முதலில் அந்தப் புல எண்ணுக்கும் அதைச் சுற்றியுள்ள எண்களுக்கும் ‘அ’ பதிவேட்டையும் (ஒவ்வொரு புல எண்ணும் யாருடையது, என்ன வகை நிலம் என்று காட்டும் கிராமப் பதிவேடு) புலப்படத்தையும் (அதன் எல்லை, அளவுகளைக் காட்டும் வரைபடம்) எடுத்துப் பாருங்கள். இரண்டும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும். வாய்க்காலுக்குத் தனிப் புல எண் இருந்து, ‘அ’ பதிவேட்டில் அது அரசு புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் உங்கள் வாதம் மிக வலுவானது. அப்படியில்லாமல் வாய்க்கால் பட்டா நிலத்துக்குள் ஓடினால், 1980களில் நடந்த யூ.டி.ஆர். (நில உடைமைப் பதிவேடுகள் மேம்பாட்டுத் திட்டம்) அளவைக்கு முந்தைய பதிவேட்டையும் பழைய புலப்படத்தையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நகல் கேட்டு வாங்கி ஒப்பிடுவது அவசியம். பழைய படத்தில் அளவுகள் லிங்க்ஸில் இருக்கும். ஒரு லிங்க்ஸ் என்பது ஏறக்குறைய 20 செ.மீ. வாய்க்காலின் பழைய அகலத்தை மீட்டருக்கு மாற்றி, தரையில் இப்போது எஞ்சியிருக்கும் அகலத்தோடு ஒப்பிட்டு எழுதிக் கொடுத்தால், அந்த மனுவை எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்க முடியாது.

பதில் 2: நகரமைப்புத் துறையில் பணியாற்றுபவர்

சாதாரண மனைப்பிரிவு அனுமதிக்கு அக்கம்பக்கத்தாரை அழைத்துக் கேட்கும் கூட்டம் எதையும் விதிகள் கட்டாயமாக்கவில்லை. இது பெரிய குறை என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் அந்த நிலம், எந்த இடம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் வேளாண் பகுதியாக இருந்து, குடியிருப்புப் பகுதியாக மாற்றக் கோரியிருந்தால், நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். எனவே நிலப் பயன்பாடு என்னவென்று இன்றே பாருங்கள்.

உங்கள் இடத்தைப் பொறுத்தவரை முக்கியமான தாள் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று. வெள்ளம் தேங்கக்கூடிய நிலமாக இருந்தால், மனையை இன்ன மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், வாய்க்காலை இன்ன அகலத்தில் விட வேண்டும், சாலை குறுக்கிடும் இடத்தில் இன்ன அளவில் சிறுபாலம் கட்ட வேண்டும் என்றெல்லாம் அந்தச் சான்று நிபந்தனை விதிக்கும். இங்கேதான் உங்கள் தெரு கவனிக்கப்படாமல் போகிறது. ஏழு ஏக்கரையும் மண் நிரப்பி உயர்த்தினால் புதிய மனைகள் தப்பிக்கும். இதுவரை அந்த வயலில் பரவி நின்ற தண்ணீர் பக்கத்திலுள்ள தாழ்வான வீடுகளுக்குள் வரும். ஆகவே பொத்தாம்பொதுவாக “வேண்டாம்” என்று எழுதாமல், உங்கள் தெருவின் தரைமட்டத்தையும் 2015இல் சுவரில் படிந்த வெள்ளக் கோட்டின் உயரத்தையும் படத்துடன் குறிப்பிட்டு, நிரப்பும் மட்டத்தை நிர்ணயிக்கும் முன் அவற்றைக் கணக்கில் கொள்ளுமாறு நீர்வளத் துறைக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள்.

பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தாக வேண்டும். அதற்குப் பதிலாகப் பணம் கட்ட முடியாது. அந்தத் திறந்தவெளியை வாய்க்காலை ஒட்டி ஒதுக்கும்படி கேட்டுப் பாருங்கள்.

பதில் 3: மனை வாங்கியவர்

உங்கள் அச்சம் நியாயமானது. எனினும் அனுமதி கேட்டு வருபவர்களை முழுவதுமாகத் தடுத்தால், அதே நிலம் அனுமதியின்றித் துண்டு துண்டாக விற்கப்படும் அபாயமும் உண்டு. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதிக்கும் வரை புறநகரில் அதுதான் நடந்தது. நான் வாங்கியதும் அப்படிப்பட்ட மனைதான். 2017இல் வந்த விதிகளின்படி பிறகு வரன்முறைப்படுத்திக்கொண்டேன். ஆனால் எங்கள் பகுதியில் இன்றுவரை மழைநீர் வடிகாலும் இல்லை, பூங்காவுக்கு ஒரு சென்ட் இடமும் இல்லை. வீடு தேடி வருபவர்களும் நம்மைப் போன்ற குடும்பங்களே என்பதால், நிபந்தனைகளைக் கடுமையாக்கக் கேட்பதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. பதிவேட்டைப் பார்த்தேன், வாய்க்காலுக்குத் தனிப் புல எண் இருக்கிறது, அரசு புறம்போக்கு என்றே பதிவாகியுள்ளது. மண் கொட்டுவதை நிறுத்தக் கோரி வட்டாட்சியருக்கு மனு எழுதிவிட்டேன். நீர்வளத் துறையின் சான்று நகலை எப்படிப் பெறுவது?

பதில் 2 எழுதியவர்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், சான்றின் நகலையும் அதனுடன் இணைந்த மட்ட வரைபடத்தையும் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், அதற்காகக் காத்திருக்காமல் ஆட்சேப மனுவை இந்த வாரமே ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பிவிடுங்கள்.