கணையத்து செல்லுங்களுக்கு நடுவுல இருக்கிற சீல்: நேர்ல பாத்தவங்க அனுபவம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். பிஎச்டி முதல் வருஷம், எலியோட கணையத்துல ஸ்லைடு போடணும். எடுத்த உடனே ஃபிக்ஸ் பண்ணிடு (கெடாம இருக்க மருந்துல போட்டுடு), லேட்டானா கணையம் தன்னோட என்சைமாலயே தன்னை செரிச்சிடும்னு சீனியர் அக்கா சொல்லியும் நான் ஈரலை முதல்ல எடுத்துட்டு மெதுவா கணையத்துக்கு வந்தேன், ஸ்லைடுல செல்லோட ஓரமே தெரியல, குழைஞ்ச சோறு மாதிரி கெடக்கு. மறுதடவ ஒழுங்கா பண்ணி அந்த சீல்ல இருக்கிற இசட்ஓ-1 புரோட்டீனுக்கு பச்சை ஸ்டெயின் போட்டேன். செல்லை சுத்தி முழுசா பச்சை வரும்னு நெனச்சா, திராட்சைக் கொத்து மாதிரி இருக்கிற செல்லுங்களுக்கு நடுவுல சாறு இறங்குற குழியோட ஓரத்துல மட்டும் மயிரிழை மாதிரி கோடு. பக்கத்து செல்லுங்களை இறுக்கிப் பிடிக்கிற அந்த சீல், அதாவது டைட் ஜங்ஷன், அவ்ளோதான். நம்ம உடம்புல தினமும் ஒன்றரை லிட்டர் போல சுரக்கிற கணையச் சாறு வெளிய கசியாம இருக்கிறது இந்தக் கோட்டாலதான், எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

—

எங்கப்பாவுக்கு பித்தப்பைக் கல் எறங்கி கணையம் வீங்கிடுச்சு, ரத்தத்துல லைபேஸ் (கொழுப்பை செரிக்கிற கணைய என்சைம்) ஏகத்துக்கும் ஏறிப்போச்சு. குடலுக்கு போக வேண்டிய என்சைம் ரத்தத்துல எப்படி சார் வந்துச்சுன்னு டாக்டர்கிட்ட கேட்டேன். அவர் ரெண்டு கை விரலையும் இறுக்கிக் கோத்துக் காட்டி, அப்புறம் லேசா தளர்த்தினார், இந்த சந்து வழியா பக்கவாட்டுல கசியுதும்மான்னார். அந்தக் கை இன்னும் கண்ணுலயே நிக்குது.

—

டாக்டர் காட்டினது சரிதான் சிஸ்டர், ஆனா கசிவு மட்டுமே காரணம் இல்ல. குடலுக்கு போன பிறகு முழிச்சுக்க வேண்டிய டிரிப்சினோஜன், செல்லுக்குள்ளயே புரதத்தை செரிக்கிற டிரிப்சின் என்சைமா மாறிடுது, சேதம் அங்கயே ஆரம்பிச்சிடும்.

இன்னொண்ணு, நான் பசங்களுக்கு இந்த ஜங்ஷனை ரொம்ப நாளா சிமெண்ட் பூச்சு மாதிரிதான் போர்டுல வரைஞ்சேன், அது தப்பு. 1963ல ஃபார்குவர், பலாடேன்னு ரெண்டு செல் விஞ்ஞானிங்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பாத்தப்போ பக்கத்து பக்கத்து செல்லோட சவ்வு ரெண்டும் ஒட்டிப்போன மாதிரி தெரிஞ்சுது. 1998ல ஜப்பான்ல சுகிடா குழு இந்த ஜங்ஷன்ல இருக்கிற கிளாடின் புரோட்டீனை கண்டுபிடிச்ச பிறகு, எந்த உப்பை விடணும் எதை தடுக்கணும்னு ஆள் பாத்து விடுற கேட்டு அதுன்னு தெளிவாச்சு. சோடியமும் தண்ணியும் அந்த சந்து வழியா குழிக்குள்ள வந்தாதான் சாறே ஓடும், என்சைம் மட்டும் திரும்பி வரக்கூடாது. இப்பல்லாம் போர்டுல கேட்டுதான் வரையறேன்.

—

அப்பா இப்போ எப்படி இருக்காங்க சிஸ்டர்?

—

நல்லா இருக்கார்ங்க, பித்தப்பையையே எடுத்தாச்சு. எண்ணெய் பலகாரத்தைப் பாத்தா மட்டும் இன்னும் பயப்படுறார்.