சயாம் ரயில்ல செத்த நம்ம ஆளுங்க கணக்கு டோக்கியோ கோர்ட்டுக்கு வந்துச்சா?

வெண்ணாத்துக்கரை:
எங்க தாத்தாவோட தம்பி நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி மலேயாவுக்கு ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போனவரு, ரெண்டாம் உலகப்போர் நேரம் 1943ல ஜப்பான்காரன் சயாமுக்கும் (இப்ப தாய்லாந்து) பர்மாவுக்கும் ரயில் போட புடிச்சிட்டு போனானாம், அதோட தகவலே இல்ல. செத்த நாள் தெரியாததால வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு கோடியக்கரை கடல்ல எள்ளுந்தண்ணியும் விடுறோம். போர் முடிஞ்சு ஜப்பான் தலைவருங்க மேல நடந்த டோக்கியோ விசாரணையில 11 ஜட்ஜுல நம்ம இந்திய ஜட்ஜு ராதாபினோத் பால் மட்டும் எல்லாரையும் விடுதலை பண்ணச் சொன்னாருன்னு படிச்சேன், மனசு ஆறல. ஏன் அப்புடி எழுதுனாரு?

மன்னார்குடி வக்கீல்:
தம்பி, அட்டூழியம் நடக்கலன்னு பால் எங்கயும் சொல்லல, சாட்சி ஏராளமா இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு. போர் தொடுக்குறதே குத்தம்னு அப்ப சட்டம் இல்ல, ஜெயிச்சவன் பின்னாடி சட்டம் செஞ்சு தோத்தவன மட்டும் தண்டிக்கிறது நியாயமில்லன்னாரு, ஹிரோஷிமா குண்டயும் கேட்டாரு. ஆனா போர்க்கால பிரதமர் டோஜோ மேல வந்த தீர்ப்புல போர்க் கைதிகள அந்த ரயில் வேலைக்கு விட்டதும் இருக்கு, 1948 டிசம்பர் 23ல அவரோட சேத்து 7 பேர தூக்குல போட்டாங்க. எனக்கு உறுத்துறது வேற. சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோவ கூண்டுல ஏத்தவே இல்ல, ஜப்பான ஆள அமெரிக்காவுக்கு அவரு வேணும். சுகாமோ ஜெயில்ல 3 வருஷம் கெடந்த டோஜோவோட மந்திரி கிஷி கேஸே இல்லாம வெளிய வந்து 1957ல பிரதமரே ஆயிட்டாரு. ஜப்பான் போர்ல செத்தவங்கள கும்புடுற டோக்கியோ யாசுகுனி கோயில்ல 2005ல பாலுக்கு நினைவுக்கல் வேற வச்சிருக்காங்க, அவரு எழுதுனதுல தங்களுக்கு வேண்டிய பக்கத்த மட்டும் எடுத்துக்கிட்டாங்கன்னுதான் சொல்லுவேன்.

நாகூர் பொண்ணு:
நான் தாய்லாந்துல அந்த ரயில் பாதையில செத்த போர்க் கைதிங்கள பொதச்ச காஞ்சனபுரி கல்லறைக்கு போயிருக்கேன் அண்ணே. புல்ல வெட்டி, வரிசையா கல்லு, ஒவ்வொண்ணுலயும் பேரு, வயசு, படைப்பிரிவு. 415 கிலோமீட்டர் பாதையில வெள்ளக்கார கைதிங்க 12,000க்கு மேல செத்தாங்க, ஆசியக் கூலிங்க 90,000 பேர் இருக்கும்னு மதிப்பிடுறாங்க, அதுல நம்ம தமிழாளுங்க எத்தன ஆயிரமோ, அந்தக் கல்லறையில ஒரு தமிழ்ப் பேரக்கூட நான் பாக்கல, வெயில்ல அப்புடியே உக்காந்து அழுதேன். சிங்கப்பூர்ல பிரிட்டிஷ்காரன் நடத்துன ரயில் கேசுங்கள்லயும் பெரும்பாலும் கைதிங்க பட்ட பாடுதான் பேச்சு. அவங்க பக்கம் டைரி எழுதி வச்ச ஆபீசர் இருந்தான், காலராவுல செத்த நம்ம சனத்துக்கு யாரு எழுதுவா?

வெண்ணாத்துக்கரை:
நன்றி அண்ணே, நன்றி தங்கச்சி. பால் மேல இருந்த கோவம் இப்ப வேற பக்கம் திரும்பிருச்சு. பினாங்குல அத்தை வழி சொந்தம் இருக்கு, பழைய தோட்டத்து செக்ரோல் (கூலியாளுங்க பேரு, சம்பளக் கணக்கு எழுதுன பதிவேடு) எங்கயாச்சும் கெடைக்குமான்னு இன்னிக்கு ராத்திரி போன்ல கேக்குறேன்.