ராணி குடித்த ஜின்-டுபோனே: அளவு என்ன, போர்ட் வைன் ஊற்றிச் சமாளிக்கலாமா?

தேம்ஸ்கரையான்:

வணக்கம் மக்களே. இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் தெருவில் விருந்து, ரோட்டை அடைத்து நீளமாக மேசை போட்டு கொடித்தோரணம் கட்டி ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவருவது, இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். சமோசா செய்யச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன், பானங்கள் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதோடு விட்டார்களா, எதிர்வீட்டுப் பாட்டி "ராணி குடிச்ச டுபோனேயும் ஜின்னும் இருக்கும்தானே" என்று எல்லார் முன்னாலும் கேட்க, நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தேடினால், ஜின்னோடு டுபோனே என்ற பிரெஞ்சு வைனைக் கலக்கும் அளவை ஒரு இடத்தில் ஒன்றுக்கு இரண்டு என்கிறார்கள், இன்னொரு இடத்தில் சரிபாதி, மூன்றாவது இடத்தில் முப்பது எழுபது. எது அரண்மனை அளவு? அப்புறம் இங்கே பெரிய சூப்பர்மார்க்கெட்டில் டுபோனே கண்ணில் படவில்லை, போர்ட் வைன் வரிசையாக இருக்கிறது. இரண்டுமே சாராயம் சேர்த்து வலுவேற்றிய வைன்தானே, மாற்றி ஊற்றினால் பாட்டி கண்டுபிடிப்பாரா? அரச குடும்பத்தோடு சம்பந்தப்பட்ட ஜின் காக்டெயில் வேறு ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள், மேசையில் ஒன்றே ஒன்று மட்டும் வைத்தால் நன்றாக இருக்காது.

பார்கவுண்டர்:

நண்பரே, லண்டனில் ஹோட்டல் பாரில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நீங்கள் பார்த்த மூன்று அளவில் இரண்டு ஒன்றேதான். ஒரு பங்கு ஜின்னுக்கு இரண்டு பங்கு டுபோனே என்றால் முப்பத்துமூன்றுக்கு அறுபத்தேழு. முப்பது எழுபது என்பது அதிலிருந்து ஒரு சொட்டு தள்ளி, அவ்வளவே. ராணி எலிசபெத்துக்கு ஒன்றுக்கு இரண்டு, அவருடைய அம்மா ராஜமாதாவுக்கு முப்பது எழுபது என்று சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சரிபாதி என்று பார்த்தீர்களே, அது வேறு சரக்கு. அதன் பெயர் ஸாஸா. 1898-இல் வந்த ஒரு பிரெஞ்சு நாடகத்து நாயகியின் பெயரை வைத்தார்கள். அதை ஐஸோடு கலக்கி வடிகட்டி, தண்டு வைத்த கிளாஸில் ஐஸ் இல்லாமல் கொடுப்பார்கள். ஜின் தூக்கலாக இருக்கும், மார்ட்டினி குடிப்பவர்களுக்குப் பிடிக்கும். அரண்மனைக் கணக்கு அப்படி இல்லை. குட்டை கிளாஸ், இரண்டு துண்டு ஐஸ், அதிலேயே ஊற்றி ஒரு கிண்டு கிண்டி, எலுமிச்சை வில்லை. ராஜமாதாவுக்கு வில்லை ஐஸுக்கு அடியில் இருக்க வேண்டுமாம். விதையை மட்டும் எடுத்துவிடுங்கள், ஊறினால் கசப்பு இறங்கும், ஏற்கெனவே கசப்புள்ள பானம்.

போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம். நீங்கள் சொல்வது போல இரண்டும் வலுவேற்றியவைதான். போர்ட்டில் திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்கள், அதனால் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். டுபோனேயிலும் சாராயம் ஊற்றித் தடுத்த திராட்சைச் சாறு உண்டு, ஆனால் அதற்கு மேல் மலேரியா மருந்தான கொய்னா எடுக்கும் கசப்பு மரப்பட்டையும் மூலிகையும் மசாலாவும் ஊறவைக்கிறார்கள். முதல் வாயில் இனிக்கும், விழுங்கியபின் நாக்கின் பின்பக்கம் கசக்கும். ஜின்னோடு சேர்ந்து நிற்பது அந்தக் கசப்புதான். போர்ட்டை ஊற்றினால் இருமல் மருந்தில் ஜின் கலந்த மாதிரி ஆகிவிடும். எதிர்வீட்டுப் பாட்டி கண்டுபிடிப்பாரா என்றா கேட்டீர்கள்? டுபோனேயில் லெமனேட் ஊற்றிக் குடிப்பது ஒரு காலத்தில் இங்கே பப்பில் சர்வ சாதாரணம், அந்தத் தலைமுறை. முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார்.

டுபோனே கிடைக்கவே இல்லையென்றால் பீர் என்று ஒன்று இருக்கிறது, நம்ம பீர் இல்லை, தெற்கு பிரான்சில் துயிர் என்ற ஊரில் செய்யும் கொய்னா வைன். குணம் ஏறக்குறைய அதேதான். அதுவும் இல்லையென்றால் இனிப்பு வெர்மூத் (மூலிகை ஊறிய வைன்), அதில் அங்கொஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு இரண்டு சொட்டு. ஆனால் அப்போது "ராணி குடித்தது" என்று பலகை எழுதி வைக்காதீர்கள்.

பழையபேப்பர்:

குடி குடியைக் கெடுக்கும் என்று படித்து வளர்ந்த நம் ஆட்களுக்கு 101 வயது வரை இருந்த ராஜமாதா ஒரு தர்மசங்கடம்தான் :)

தினமும் நாலு கிளாஸ் குடித்தார் ராணி என்று வாட்ஸப்பில் சுற்றுமே, மதியம் சாப்பாட்டுக்கு முன் ஜின்-டுபோனே, சாப்பாட்டோடு வைன், சாயங்காலம் மார்ட்டினி, படுக்கும் முன் ஷாம்பெய்ன் என்று, அவரே இவ்வளவு குடித்து 96 வரை இருந்தார் என்றால் நாமும் விருந்தில் தாராளமாக ஊற்றலாமே?

பார்கவுண்டர்:

அந்த நாலு கிளாஸ் கதையை நம்பாதீர்கள். ராணியின் சித்தி மகள்... இல்லை பெரியம்மா மகள் மார்கரெட் ரோட்ஸ் சொன்னதிலிருந்து கிளம்பியது அது. அரண்மனையில் சமையல்காரராக இருந்த டேரன் மெக்ரேடி பெயரிலும் அது சுற்றியதால் அவர் பிறகு விளக்கம் சொன்னார், ஜின்-டுபோனே ராணிக்குப் பிடித்த பானம் என்றுதான் சொன்னேன், தினமும் நாலு என்று சொல்லவே இல்லை என்று. 2021 கடைசியில், மறுவருஷம் ராணி பட்டமேறி எழுபது வருஷம் ஆகும் பிளாட்டினம் விழா வருகிறது, அதுவரை குடிப்பதை விடுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னதாகவும் செய்தி வந்தது. கூத்து என்னவென்றால் டுபோனே கம்பெனிக்கு ராணியின் அரச முத்திரை அங்கீகாரம் கிடைத்ததும் அதே 2021 நவம்பரில்தான்.

கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். இங்கே விற்கும் டுபோனே 14.8 சதவீதம். சாதா ஜின் 37.5. 30 மில்லி ஜின், 60 மில்லி டுபோனே ஊற்றினால் சுத்த ஆல்கஹால் இருபது மில்லி, அதாவது இந்த ஊர்க் கணக்கில் இரண்டு யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டுக்குள் என்பதுதான் இங்கே அரசு சொல்லும் அளவு. தினம் ஒன்று என்றாலே வாரக் கோட்டா அங்கேயே முடிந்துவிட்டது. இனிப்பாக இறங்குவதால் தெரியாது, எழுந்திருக்கும்போது தெரியும். விருந்தில் அளவு மூடி வைத்து ஊற்றுங்கள், கைப்பிடி அளவில் ஊற்றாதீர்கள்.

நீலகிரிக்காரி:

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, ஆனால் இந்த டுபோனே வரலாறு சுவாரசியமானது என்பதால் வருகிறேன்.

கொய்னாவை மரப்பட்டையிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தது 1820-இல், பெல்லெத்தியே, கவென்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். பத்து வருஷத்தில் பிரான்ஸ் அல்ஜீரியாவுக்குள் நுழைந்தது, போன சிப்பாய்கள் மலேரியாவில் விழுந்தார்கள். மருந்து இருந்தது, ஆனால் வாயில் வைக்க முடியாத கசப்பு. ஜோசப் டுபோனே என்ற பாரிஸ் வியாபாரி 1846-இல் அந்தக் கசப்பை இனிப்பு வைனுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். பெரும்பாலும் சொல்லப்படும் கதை, வட ஆப்பிரிக்காவில் இருந்த பட்டாளத்துக்காரர்களை மருந்து குடிக்க வைக்கத்தான் இது என்பது. பட்டாளம் போனது, மலேரியா போனது, பாட்டில் மட்டும் சாப்பாட்டுக்கு முன் பசி தூண்டும் பானமாக பாரிஸ் காபிக்கடைகளில் தங்கிவிட்டது. 1932-இல் கஸாந்த்ர் வரைந்த விளம்பரம் இன்றும் சுவரொட்டியாக விற்கிறது: மேசையில் ஓர் ஆள், முதல் படத்தில் கிளாஸைப் பார்க்கிறான், அடுத்ததில் குடிக்கிறான், மூன்றாவதில் மறுபடி ஊற்றுகிறான். குடிக்கக் குடிக்க அவன் உடம்பில் நிறம் ஏறும், கீழே டுபோ, டுபோன், டுபோனே என்று எழுத்தும் கூடவே நீளும். மது விளம்பரத்தை அதற்கு மேல் நேர்மையாகச் செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றும்.

ஆங்கிலேயர் அதே வேலையை டானிக் தண்ணீரும் ஜின்னும் வைத்துச் செய்தார்கள். அதற்கான மரம் நம் பக்கமும் வந்தது. 1860-லேயே ஊட்டியில் சின்கோனா நாற்று நட ஆரம்பித்துவிட்டார்கள், தொட்டபெட்டா, நடுவட்டம் எல்லாம் சின்கோனா தோட்டம். வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. இலங்கையிலும் காப்பிச் செடி நோயில் போனபின் தேயிலை நிலைக்கும் வரை கொஞ்ச காலம் தோட்டக்காரர்கள் சின்கோனாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள். லண்டன் அரண்மனையில் எலுமிச்சை போட்டுக் குடித்த பானம் ஆதியில் காய்ச்சல் மருந்து, அவ்வளவுதான் விஷயம்.

பழையபேப்பர்:

அருமை அக்கா. ராஜமாதா பற்றி இன்னொரு துணுக்கு. அவரிடம் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்த பணியாள் வில்லியம் டாலன் 2007-இல் இறந்தபின் அவர் வைத்திருந்த பொருள்களை ஏலம் விட்டார்கள். அதில் ராஜமாதா கைப்பட எழுதிய சீட்டு ஒன்று. வெளியே கிளம்புகிறேன், தேவைப்பட்டாலும் படும், டுபோனேயும் ஜின்னும் சின்ன பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்கிறேன் என்ற பாவனையில் எழுதியிருந்தார். அந்தச் சீட்டு 2008-இல் 16,000 பவுண்டுக்குப் போனது. நம் வீட்டில் தாத்தா வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு போவதற்குச் சீட்டெல்லாம் எழுத மாட்டார், அதனால் ஏலத்துக்கும் வழியில்லை.

தேம்ஸ்கரையான்:

எல்லாருக்கும் நன்றி. போர்ட் கைவிடப்பட்டது. டுபோனே ஆன்லைனில் கிடைக்கிறது. ஆனால் ஓர் அமெரிக்க பாட்டிலும் பார்த்தேன், 19 சதவீதம் என்று போட்டிருக்கிறது, அது போலியா? அப்புறம் பக்கிங்ஹாம் அரண்மனை பெயரிலேயே ஜின் விற்கிறார்களே, விருந்துக்கு அதை வாங்கி ஊற்றினால் பாட்டி மயங்கி விழுந்துவிடுவார் என்று என் மனைவி சொல்கிறாள். இரண்டாவது காக்டெயில் பற்றி யாரும் சொல்லவில்லை. இருபது பேர் வருவார்கள், எத்தனை பாட்டில்?

பார்கவுண்டர்:

போலி இல்லை. அமெரிக்காவில் கென்டக்கி கம்பெனி ஒன்று அதே பெயரில் தனியாகத் தயாரிக்கிறது, கலிபோர்னியா வைனில். பிரெஞ்சு சரக்கும் அதுவும் ஒரே சுவை கிடையாது. உங்களுக்குப் பிரெஞ்சுதான் வேண்டும், பாட்டி குடித்துப் பழகியது அதுதான்.

அரண்மனை ஜின்னை 2020-இல் கொண்டுவந்தார்கள், அரண்மனைத் தோட்டத்து மல்பெரி இலை, பிரிஞ்சி வகை இலை எல்லாம் போட்டது. வந்தபோது பாட்டில் 40 பவுண்டு. அந்த நுணுக்கமான வாசனையை வாங்கி அதன் மேல் இரண்டு மடங்கு டுபோனேயைக் கொட்டுவது பட்டுப்புடவையை உள்பாவாடையாகக் கட்டுகிற கதை. மனைவி ஆசைப்பட்டால் பாட்டிலை மேசையில் காட்சிக்கு வையுங்கள், ஊற்றுவதற்கு ஜூனிப்பர் காய் வாசனை நன்றாகத் தெரிகிற சாதா லண்டன் ட்ரை ஜின் போதும்.

இரண்டாவதாக இளவரசி மேரி வையுங்கள். 1922-இல் ஐந்தாம் ஜார்ஜின் மகள் மேரி கல்யாணத்தை ஒட்டி ஹாரி மெக்கெல்ஹோன் என்ற பார்க்காரர் போட்டது. ஜின், கோக்கோ லிக்கர், கிரீம் மூன்றும் சம அளவு, ஐஸ் போட்டு நன்றாகக் குலுக்கி வடிகட்ட வேண்டும். வைன் கிடையாது, ஆனால் அரச சம்பந்தம் பத்திரமாக இருக்கிறது. மில்க்‌ஷேக் மாதிரியே இருக்கும் என்பதால் பிள்ளைகள் கை எட்டாத பக்கம் வையுங்கள், இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெக்ரோனி என்று யாராவது சொல்வார்கள், ஜின்னும் வெர்மூத்தும் உண்டு, கதைப்படி அது ஒரு இத்தாலியப் பிரபுவின் பானம், அரசர் இல்லை. தெருவிருந்தில் பாதிப்பேர் கசப்பு தாங்காமல் ஒரு வாய் குடித்து வைத்துவிடுவார்கள்.

கணக்கு: டுபோனே ஒரு பாட்டிலில் பதினொன்று பன்னிரண்டு கிளாஸ், ஜின் பாட்டிலில் இருபத்துமூன்று. ஆக ஒரு ஜின்னுக்கு இரண்டு டுபோனே, ஆளுக்கு ஒன்று போய்க் கொஞ்சம் மிஞ்சும். மேரிக்குத் தனியாக இன்னொரு ஜின். முந்தின நாளே டுபோனேயை ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், ஐஸ் மெதுவாக உருகும். மிஞ்சியதும் ஃபிரிட்ஜுக்குத்தான், என்னதான் வலுவேற்றியது என்றாலும் அது வைன், திறந்து சில வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும், அலமாரியில் வைத்து அடுத்த கிறிஸ்துமஸுக்கு எடுத்தால் புளித்துப்போன திராட்சை வாடைதான் வரும்.

தேம்ஸ்கரையான்:

ஆர்டர் போட்டாச்சு, இரண்டு டுபோனே, இரண்டு ஜின். மிஞ்சுவதைப் பாட்டி வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன், அவரிடம் அது வாரக்கணக்கில் தங்காது.

நீலகிரிக்காரி:

டானிக் தண்ணீரும் எலுமிச்சையும் மேசையில் கொஞ்சம் வையுங்கள். என்னை மாதிரி ஆட்கள் இருபதில் நாலைந்து பேராவது இருப்பார்கள். அதிலும் கொய்னாதான் இருக்கிறது, கணக்குக்கு நாங்களும் சேர்ந்துவிடுவோம்.