ஒல்லி கேபினெட் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு: பவர் சப்ளை பற்றி உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அலுவலகத்தில் பயன்படுத்திய பழைய ஒல்லி கேபினெட் கணினி ஒன்றில், தங்கையின் பிளெண்டர் (முப்பரிமாண வரைகலை மென்பொருள்) வேலைக்காக ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறோம். ப்ராசஸர் ஐ5-6500, பவர் சப்ளை 180 வாட்.

இணையம் பார்க்கும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. ரெண்டர் (வரைந்த காட்சியை முழுப் படமாக்கும் வேலை) கொடுத்த கொஞ்ச நேரத்தில் சட்டென்று அணைந்துவிடுகிறது. நீலத்திரை வருவதில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பிழை மட்டும் பதிவாகிறது. கணினி முறையாக மூடப்படவில்லை என்று அது சொல்லும், ஏன் என்று சொல்லாது. வெப்பநிலை சாதாரணம்தான், ரேம் நினைவகத்தையும் சோதித்தாயிற்று.

கார்டின் மின் வரம்பை 75 சதவீதத்துக்கு இறக்கினால் ரெண்டர் முடியும்வரை தாக்குப்பிடிக்கிறது. அதனால்தான் பவர் சப்ளை மேல் சந்தேகம். கார்டு 75 வாட், ப்ராசஸர் 65 வாட், கூட்டினால் 140தான். ஆனால் பவர் சப்ளை லேபிளில் 12 வோல்ட் வெளியீடு இரண்டு தனித் தடங்களாகப் பிரிந்திருக்கிறது. கார்டுக்குப் போகும் தடத்தில் மட்டும் சுமை ஏறிப் பாதுகாப்பு அணைப்பு நடக்கிறதா? மல்டிமீட்டர் இருக்கிறது, எந்த இடத்தில் அளந்தால் உறுதியாகத் தெரியும்?

மதர்போர்டில் வழக்கமான 24 பின் மின் இணைப்பு கிடையாது, 6 பின்தான். 24-லிருந்து 6-க்கு மாற்றும் கேபிள் போட்டு, சாதாரண ஏடிஎக்ஸ் (பெரிய கேபினெட்டுக்கான பொது அளவு) பவர் சப்ளையைப் பெட்டிக்கு வெளியே வைத்து ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் போர்டு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. தங்கையின் கல்லூரி ப்ராஜெக்ட் முழுவதும் இதில்தான். இதே அளவில் 240 வாட் கிடைத்தால் போதுமா என்றும் சொல்லுங்கள்.