பூங்காவில் மழைத்தோட்டம்: கொசு வரும் என்கிறார்கள்

மண்வாசம்:
எங்கள் பொதுப் பூங்காவின் தாழ்ந்த மூலையில் மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. அங்கே மழைத்தோட்டம் (ஓடிவரும் மழைநீரைச் சற்று நேரம் தேக்கி மண்ணுக்குள் இறக்கும், செடி நட்ட ஆழமில்லாத பள்ளம்) போடலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் சொன்னேன். "குழி வெட்டினால் கொசுதான் வரும்" என்று மறுத்துவிட்டார்கள். என்ன பதில் சொல்வது?

ஈரநிலம்:
கொசு முட்டை பொரிந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். ஒழுங்காக அமைத்த மழைத்தோட்டத்தில் தண்ணீர் ஓரிரு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடும். அதனால் கொசுப் பேச்சுக்கு அஞ்சவே வேண்டாம்.

எனக்குக் கவலை அந்த மூலையைப் பற்றித்தான். தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிறது என்றால் அந்த மண் குடிக்க மறுக்கிறது என்று பொருள். தோட்டம் அதற்கு மேட்டில், சாலைத் தண்ணீர் பூங்காவுக்குள் நுழைகிற வழியில் அமைய வேண்டும். எங்கே என்று முடிவு செய்யுமுன் ஓர் அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, அளவுகோலை நட்டுப் பாருங்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் பிழைத்தோம். அரையடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு நாளுக்குள் போய்விடும். இந்தச் சோதனையைச் சங்கத்தாரைக் கூட்டிவைத்தே செய்யுங்கள். வாதமே தேவைப்படாது.

வேர்க்கால்:
பெரிய மரத்தடியில் மட்டும் வெட்டாதீர்கள், வேர் அறுபடும். கட்டடச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளியிருக்கட்டும்.

மண்வாசம்:
நன்றி. மேட்டுப் பக்கம் இடம் இருக்கிறது. என்ன செடி வைப்பது?

ஈரநிலம்:
நடுப்பள்ளத்தில் ஒரு நாள் மூழ்கினாலும் ஒரு மாதம் காய்ந்தாலும் தாங்குகிற, ஆழ வேரோடும் உள்ளூர்ப் புல்வகைகள். கரையில் பூச்செடிகள். நீரிலேயே வாழும் செடிகள் வேண்டாம், கோடையில் கருகிவிடும்.

செடியைவிடத் தண்ணீர் நுழையும் வாயைக் கவனியுங்கள். நடைபாதை விளிம்புக்கல்லை வெட்டித் தண்ணீரை உள்ளே விடும் இடத்தில் கூழாங்கல் பரப்ப வேண்டும், இல்லையேல் வேகத்தில் மண் அரிக்கும். வண்டலும் பிளாஸ்டிக் பையும் முதலில் வந்து சேருவது அங்கேதான். அடைத்துக்கொண்டால் தண்ணீர் தோட்டத்தைத் தாண்டிச் சாலையிலேயே ஓடிவிடும். ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் அதை அள்ளப்போவது யார் என்று சங்கத் தீர்மானத்திலேயே பெயர் எழுதி வாங்குங்கள். பெருமழையின் மிச்சம் வடிகாலுக்குப் போக, எதிர்ப்பக்கம் கரையைச் சற்றுத் தாழ்த்திவிடுங்கள்.

இன்னொன்று: வெட்டிய பள்ளத்துக்குள் இயந்திரத்தை இறக்க விடாதீர்கள். அதன் எடையில் மண் இறுகினால் சோதனையில் பார்த்த வேகம் கிடைக்காது.